சதுரங்கப்பட்டினத்து கோல்கீப்பர்

சின்னராசுவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்றுதான் ஜலாலுதீன் செங்கல்பட்டில் பஸ் ஏறினான். மறுநாள் ஆகஸ்டு பதினைந்து. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, தலைமையாசிரியர் பேச்சையும் சகித்துக்கொண்ட பிறகு, பழைய மாணவர்களுக்கும் அப்போது படிக்கிற பையன்களுக்கும் ஃபுட்பால் மேட்ச் நடக்கும். வருஷா வருஷம் நடக்கிற கூத்துதான். ஆனால் போன வருஷம், எழுபத்து மூன்றில், மீசை முளைக்காத பொடியன்களிடம் இவர்கள் தோற்றுத் தொலைத்தார்கள். பழைய கேப்டன் சிவப்பிரகாசத்துக்கு அது இன்னும் செரிக்கவில்லை. கோல்கீப்பர் சின்னராசு பாதி ஆட்டம் முடிந்த பிறகு, மீன் வாடையோடும் ஈர லுங்கியோடும், "இன்னாடா, ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றதுதான் காரணம்.

"இந்த தபா அவன நம்பி உக்காரக் கூடாது பாய். ஒரு நாள் முன்னாடியே போயி கட்டி இழுத்துகினு வா," என்று சிவப்பிரகாசம் சொல்லியிருந்தான். ஜலாலுதீனும் அத்தாவின் செருப்புக் கடையில் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

சின்னராசு செங்கல்பட்டுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. கருவாடு விற்கிற அவனுடைய பெரியம்மா குப்பம்மாவுக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. காஞ்சிபுரம் பஸ்ஸில் கூடையோடு ஏறி, பாதி வழியில் கண்டக்டரோடு சண்டை போட்டு இறங்கிய அன்றைக்கு, வீட்டில் ஒருத்தனாவது படிக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டினாள். அப்பா இல்லாத தங்கை மகனைச் சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலிருந்து கூட்டி வந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் தான் குடியிருந்த ஒற்றை அறையில் வைத்துக்கொண்டு, ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டாள். பையனுக்குப் பஸ் போர்டு படிக்க வந்துவிட்டது. அதற்கு மேல் படிப்பு ஏறவில்லை.

கோல்கீப்பர் ஆனதும் அப்படித்தான். ஒரு சாயங்காலம் கோல் கம்பத்துக்குப் பின்னால் சும்மா நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். உயரமாகப் பறந்து வந்த பந்தை ஒற்றைக் கையால் வாங்கி, அப்படியே நடுக்கோடு வரைக்கும் வீசினான். டிரில் மாஸ்டர் ஊதிக்கொண்டிருந்த விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவனைப் பார்த்தார். காலால் உதைக்கச் சொன்னால், பந்து எங்கே போகும் என்று பந்துக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. கைதான் அவனுக்கு. முறம் மாதிரி விரிந்த இரண்டு கைகள். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப் போன உள்ளங்கைகளில் பந்து விழுந்தால், பலகையில் அடித்த சத்தம் கேட்கும்.

ஜில்லா மேட்ச்சில் ஒரு தடவை எதிராளிக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவன் மாவட்டத்திலேயே பேர்போன ஆட்டக்காரன். அவன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும்போது, சின்னராசு கம்பத்தடியில் நின்றுகொண்டு, "அண்ணாத்த, உங்க ஆஸ்டல்ல இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்று கேட்டான். அவன் திகைத்துப் போய் நேராகச் சின்னராசுவின் வயிற்றிலேயே உதைத்தான். ஆட்டத்தைக் காப்பாற்றிய தந்திரம் என்று ஊரே மெச்சியது. "தந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலைலர்ந்து நாஸ்தா துன்னல. நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னுதான் கேட்டேன்," என்றான் அவன். அன்று ராத்திரி ஜலாலுதீனின் அம்மா ஜெய்புன்னிசா அவனை உட்காரவைத்துப் போட்ட சாப்பாட்டைப் பார்த்தவர்கள் அதை நம்பினார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கு காலை வாரியது. மூட்டை கட்டிக்கொண்டு குப்பத்துக்கே போய்விட்டான். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அவனுக்கு யார் மேலும் மனத்தாங்கல் இருந்ததாக ஜலாலுதீனுக்கு நினைவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்திய வாத்தியார் மேல்கூட இல்லை.

பஸ் நின்றதும் ஜலாலுதீன் இறங்கி, இடிந்த டச்சுக் கோட்டையை ஒட்டிய மண் பாதையில் நடந்தான். குப்பம் கண்ணில் பட்டதுமே அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலைத் தோரணம். சவுக்குக் கம்பத்தில் குழாய் ரேடியோ. கரையில் ஒரு கட்டுமரம் பாக்கியில்லாமல் எல்லாம் மணலில் கிடந்தன. கடலுக்கு யாருமே போகவில்லை. ஆடிக் கடைசியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம், வாடா வாடா என்று சின்னராசு இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பயல் கடலுக்குப் போயிருப்பான், வரும்வரை மணலில் காய வேண்டும் என்று நினைத்து வந்தவனுக்கு, நல்ல நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

பூவரச மரத்தடியில் நாலைந்து பேர் பச்சை மூங்கிலை வளைத்துத் தேர் மாதிரி ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சாமந்திச் சரம் குவியலாகக் கிடந்தது. அவர்களில் சின்னராசுவின் சித்தப்பா பக்தவச்சலத்தை ஜலாலுதீனுக்கு அடையாளம் தெரிந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. திருவிழா நாளில் சில பேருக்குக் கண் சிவப்பது புதிதல்ல.

"வந்துட்டியா பாய்," என்றார். "சேதி எப்டி கெடச்சுது?"

"அதெல்லாம் கெடைக்கும் சித்தப்பா," என்று சிரித்தான் ஜலாலுதீன். திருவிழாச் சேதியைத்தான் கேட்கிறார் என்று நினைத்தான்.

அவர் "இத்த புடி," என்று ஒரு மூங்கிலின் நுனியைக் கொடுத்தார். அவன் பிடித்தான். கயிறு கொடுத்தார். கட்டினான். சாமந்திச் சரத்தை எடுத்து வளைவில் சுற்றினான். செருப்புக் கடையில் தோரணம் கட்டிப் பழகிய கை. நன்றாகவே சுற்றினான். சரம் தீர்ந்ததும் அடுத்த சரத்தை எடுத்து, வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு சினிமாப் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு சுற்றினான். மற்றவர்கள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். துலுக்கப் பையன் அம்மன் தேரில் கை வைக்கிறானே என்று பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

பக்தவச்சலம் அடி மூங்கிலைத் தரையில் கிடத்தி அரிவாளை எடுத்தார். வெட்டுவதற்கு முன்னால் ஜலாலுதீனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராசு உன்னவிட ஒரு சாண் ஒசரம். அந்த நீளம் வுட்டுக் கட்டணும்," என்றார்.

"ராசு ஒசரத்துக்கும் அம்மன் தேருக்கும் இன்னா சித்தப்பா சம்பந்தம்?"

அரிவாள் அப்படியே நின்றது. பக்தவச்சலம் "உனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, கோபமா அழுகையா என்று தெரியாத குரலில், "இது யாருக்குன்னு நெனச்சுகினு பூ சுத்துன?" என்றார்.

ஜலாலுதீன் கையில் இருந்த சரத்தைப் பார்த்தான். கட்டி முடித்த வளைவைப் பார்த்தான். செங்கல்பட்டு பஜாரில் எத்தனை சாவு ஊர்வலம் கடையைத் தாண்டிப் போயிருக்கிறது. பூப்பல்லக்கை அவன் பார்த்ததில்லையா என்ன. தோரணத்தையும் குழாயையும் பார்த்து வந்த கண்ணுக்கு, அது பாடையாகத் தெரியவே இல்லை. சாவுச் சேதி யார் சொல்லிக் கேட்டாலும் அவன் வீட்டில் வாய் தானாக ஒரு வாக்கியத்தைச் சொல்லும், எல்லாரும் இறைவனிடமே திரும்பிப் போகிறோம் என்று. அதுவும் வரவில்லை.

வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே பாயில் சின்னராசு கிடந்தான். தலைமாட்டில் அம்மா ஆதியம்மாள். அவள் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னதையே ஜலாலுதீனிடமும் சொன்னாள். சொல்வதை நிறுத்தினால் உண்மையாகிவிடும் என்று பயந்தவள் போல, இடைவெளி விடாமல் சொன்னாள்.

"நேத்து விடியக்கால வலைலர்ந்து மீன் பிரிச்சுகினு இருந்தானாம் பாயி. கையில ஏதோ சுருக்குனுதாம். பார்த்தா கடப்பாம்பு. எடுத்து வீசிட்டு வேலைய பார்த்துகினு இருந்துகீறான். வலி இல்ல. ரத்தம் இல்ல. வூட்டுக்கு வந்தான், கஞ்சி குடிச்சான். ஒடம்பு கட்டைபோட்ட மாரி கீது, கண்ணு சொருவுதுன்னான். ரெண்டு நாளா கடல்ல தூக்கமில்ல, அதான்னு நெனச்சேன். தூங்குடா நைனான்னேன். நாளைக்கு காப்பு கட்டுனா ராத்திரி பூரா முழிக்கணுமே, தூங்கட்டும்னு வுட்டேன். யாரும் எழுப்பாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். வேப்பிலை கட்ட அவன் கூட்டாளிங்க வந்து கூப்ட்டாங்க. வெரட்டி வுட்டேன். வெளக்கு வச்சப்புறம் தொட்டு எழுப்பறேன், கை ஜில்லுனு கீது."

வலையில் வருகிற கடல் பாம்பை அந்தக் கரையில் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. அறுந்த கயிற்றை எறிகிற மாதிரி வாலைப் பிடித்து எறிவார்கள். அது கடிக்காது என்று தாத்தாவும் சொல்வார், பேரனும் சொல்வான். கடித்தாலும் தெரியாது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஜலாலுதீன் குனிந்து அந்த வலது கையைப் பார்த்தான். ஜில்லாவில் எவனாலும் தாண்ட முடியாத கை. கட்டை விரலுக்குக் கீழே, கொசு கடித்தால் தெரிகிற அளவுக்கு, இரண்டு புள்ளி. அவ்வளவுதான். அவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்ன சாவா என்று அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றும் தெரியவில்லை.

குப்பத்து வழக்கையெல்லாம் பேசித் தீர்க்கிற நாட்டார் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டியாக வேண்டும். குறித்த நாள் மாறாது. காப்புக் கட்டும்போது ஊருக்குள் பிணம் இருக்கக் கூடாது. அதனால் மதியத்துக்கு மேல் எடுத்துவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். வெளியூருக்குத் தந்தி கொடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. மார்க்கெட்டில் இருக்கிற குப்பம்மாவுக்கு மட்டும் முதல் பஸ்ஸில் ஆள் போயிருந்தது. அவளே இன்னும் வந்து சேரவில்லை.

"அய்யா, எங்க டீம் ஆளுங்க வரணும்," என்றான் ஜலாலுதீன். அந்த வீட்டுக்குள் வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "மொகம் பார்க்காம எடுத்துட்டீங்கன்னா அவனுங்க தாங்க மாட்டாங்க."

"ஊருக்குக் காப்பு பெருசா, உன் கூட்டாளிங்க பெருசா?" என்றார் நாட்டார். மோசமான மனிதர் இல்லை. அவருக்கு அம்மன் கவலை.

ஆதியம்மாள் உள்ளேயிருந்து, "அவனுங்க வராம எம்புள்ளைய தூக்க வுட மாட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்," என்றாள். நாட்டார் மேற்கே பார்த்தார். சூரியன் சவுக்குத் தோப்பு உச்சிக்கு இறங்குகிற வரைக்கும் பொறுப்பதாகவும், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கூட முடியாது என்றும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

பக்தவச்சலத்தின் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஜலாலுதீன் கல்பாக்கம் டவுன்ஷிப் போஸ்ட் ஆபீசுக்கு மிதித்தான். செங்கல்பட்டு அரிசி மண்டியில் சிவப்பிரகாசம் குமாஸ்தா. அங்கே போன் உண்டு. டிரங்க் கால் போட்டுவிட்டு மர பெஞ்சில் உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் தபால்தலை வாங்கிக்கொண்டும், நாளைய லீவைப் பற்றிப் பேசிக்கொண்டும் போனார்கள். உலகம் நடக்கிற மாதிரியே நடந்துகொண்டிருந்தது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ராசு செத்துட்டான். ரெண்டே வார்த்தை. லைன் கிடைத்தது என்று கூப்பிட்டார்கள்.

"யாரு, பாயா?" சிவப்பிரகாசத்தின் குரலுக்குப் பின்னால் மூட்டை இறக்குகிற கூச்சல் கேட்டது. "எங்கர்ந்து பேசற? ராசு வரானா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

ஜலாலுதீன் வாயைத் திறந்தான்.

"சிவா, எல்லாரையும் கூட்டிகினு இப்பவே கெளம்பு. ராசு வூட்டுக்கு."

"நாளைக்கு மேட்ச்ச வச்சுகினா? இன்னா மச்சான் விசேஷம்?"

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இன்னாடா, அம்மனுக்கு கூழு ஊத்தறாங்களா?"

"உம்," என்றான் ஜலாலுதீன். தன் வாய் அதைச் சொல்வதைத் தானே கேட்டான்.

"அத்த சொல்றதுக்கா இவ்ளோ பேஜாரு? மண்டி லாரி அந்தப் பக்கம் மூட்டை ஏத்திகினு வருது. ஆளுங்கள எல்லாம் கிரவுண்டுலர்ந்து அப்படியே அள்ளிப் போட்டுகினு வரேன். ராசுகிட்ட அண்டாவ காலி பண்ணாம வைக்கச் சொல்லு."

லைன் அறுந்துவிட்டது. மறுபடி போட்டுத் தரச் சொன்னான். செங்கல்பட்டு லைன் இனி சாயங்காலம்தான் என்றார்கள். திரும்பி மிதிக்கும்போது வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனான். சொல்லியிருந்தால் சிவா நம்பியிருப்பான், சிவா சொன்னால் எல்லாரும் நம்பியிருப்பார்கள். அதற்கப்புறம் ராசு எல்லாருக்கும் செத்துப்போயிருப்பான். தன் வாயால் அதைச் செய்ய அவனால் முடியவில்லை. வேறு காரணம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

அவன் போய்ச் சேருவதற்குள் சின்னராசுவைக் குளிப்பாட்டி முடித்துப் பல்லக்கில் வைத்துவிட்டார்கள். குப்பம்மா வந்து வாசலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள். ஜலாலுதீன் தெரு முனையில் போய் நின்றான். சூரியன் சவுக்குத் தோப்பின் மேல் நின்றது. நாட்டார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போதும் பா, தூக்குங்க," என்றார். ஆட்கள் குனிந்தார்கள்.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. லாரிச் சத்தத்துக்கு மேலே பாட்டுச் சத்தம் கேட்டது. அரிசி மூட்டைகள் மேல் ஜெர்சியோடு உட்கார்ந்து, ஒருத்தன் எண்ணெய்த் தகரத்தை வைத்துத் தட்ட, மற்றவர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். பல்லக்கைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பங்காளிப் பையன்கள் இரண்டு பேர், "எவன்டா அது, சாவு வூட்டுல கும்மாளம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஜலாலுதீன் அவர்களுக்கு முன்னால் ஓடினான். லாரிக்கு எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

சிவப்பிரகாசம் குதித்து இறங்கினான். "எங்கடா அவன்? கோல்ல நிக்கச் சொன்னா அண்டாகிட்ட நின்னுகினு கீறானா?"

"செத்துட்டான்டா."

"யாரு?"

"ராசு."

சிவப்பிரகாசம் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றான். சிரிப்பை எப்படி இறக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேலே ஒவ்வொருத்தனாகப் பாட்டை நிறுத்தினார்கள். தகரம் தட்டியவனுக்கு மட்டும் காதில் விழவில்லை. பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினான். அதற்குள் பங்காளிகள் வந்துவிட்டார்கள். ஒருத்தன் சிவப்பிரகாசத்தின் ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்தான்.

"வுடுடா அவன," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ஆதியம்மாள் தலைவிரி கோலமாகத் தெருவில் நடந்து வந்தாள். லாரியை அண்ணாந்து பார்த்தாள். ஜெர்சி போட்ட அத்தனை முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள்.

தகரம் தட்டியவன் அதை முதுகுக்குப் பின்னால் தள்ளினான்.

"மேளக்காரன் வரல. அம்மனுக்குப் பேசி வச்சவன், காப்புக்கு முன்னாடி சாவுக்குத் தொட மாட்டேன்னுட்டான். கல்யாணம் ஆவாத புள்ள. சத்தமே இல்லாம எப்டி அனுப்புவேன். நீங்க அடிங்கடா நைனா."

நாட்டார் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர்கள் இறங்கினார்கள். சிவப்பிரகாசம் தகரத்தை வாங்கிக் கழுத்தில் கயிறு போட்டுக்கொண்டான். பல்லக்கைப் பார்த்தான். கையைத் தூக்கினான். கை இறங்கவில்லை. சாவுக்கு எப்படி அடிப்பார்கள் என்று அவர்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. சின்னராசு கோல் விழாமல் காப்பாற்றினால் மைதானத்தின் ஓரத்திலிருந்து அடிக்கிற அடி ஒன்றுதான் தெரியும். ஜலாலுதீன் அவன் கழுத்திலிருந்து தகரத்தைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு அந்த அடியையே அடித்தான். மற்றவர்கள் முகத்தில் கண்ணீர் வழிய வழியக் கைதட்டினார்கள். பல்லக்கைத் தூக்கியவர்கள் அந்த வேகத்துக்கே நடந்தார்கள்.